பதினேழாம் நம்பர் வீட்டை விசாரிக்க வந்தவர்

விசில் என் வாயில் இருந்தது. அந்த மனிதருடைய மோட்டார் சாவி என் கையில் இருந்தது. காலை பத்து மணி. எங்கள் தாமான் குடியிருப்பின் மூன்றாவது வரிசையில், ரம்புத்தான் மரத்தடியில், அவரை நான்கு பெண்கள் சுற்றி வளைத்திருந்தோம்.

அறுபது வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஹெல்மெட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"தங்கச்சி, சாவியக் குடும்மா. நான் அந்த மாதிரி ஆளு இல்ல லா."

"எந்த மாதிரி ஆளுன்னு நாங்க இன்னும் கேக்கவே இல்லையே!"

அப்படித்தான் சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து விசிலை எடுக்க மறந்துவிட்டதால் ‘பீ...ப்’ என்று மட்டும் வந்தது. அவர் ஓர் அடி பின்னால் போனார். எனக்கு அது திருப்தியாக இருந்தது.

அவரை அங்கேயே நிற்க வைத்துவிட்டு, கதையைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோகிறேன். அவர் எங்கும் போய்விடமாட்டார். சாவி என்னிடம் இருக்கிறது.

பத்து மணித் திருடன்

எங்கள் தாமான் பீடோங் டவுனிலிருந்து மோட்டாரில் பத்து நிமிடத் தூரம். ஒரு காலத்தில் ரப்பர் பால்மரக் காடாக இருந்த இடம். மரங்களை வெட்டி ஐந்து வரிசை வீடு கட்டினார்கள். அதே காட்டில் பால் எடுத்தவர்களின் பிள்ளைகள் பலர், வங்கிக் கடன் போட்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்தோம்.

மூன்று நான்கு வருடங்களுக்கு முன்னால் திருட்டு ஆரம்பித்தது. உடனே ஆண்கள் கூட்டம் போட்டார்கள். இரவு ரோந்து என்று முடிவானது. பெரிய டார்ச்லைட் வந்தது, முறைப் பட்டியல் வந்தது, கேரம் பலகையும் வந்தது. என் வீட்டுக்காரர் அதில் துணைத் தலைவர். இரவில் ஒரு திருடனும் வரவில்லை என்று அவர்களுக்குப் பெருமை.

வராததற்குக் காரணம் இருந்தது. எங்கள் திருடன் இரவில் தூங்கினான். பகல் பத்து மணிக்கு வேலைக்கு வந்தான்.

பத்து மணிக்கு எங்கள் தாமானில் ஆள் இருக்காது. ஆறரைக்கெல்லாம் தொழிற்சாலை பஸ் வந்து பாதிப் பேரை அள்ளிக்கொண்டு போய்விடும். மீதிப் பாதி பள்ளிக்கூடம், கடை, சுங்கைப் பட்டாணி டவுன் என்று போய்விடும். அப்புறம் நாய்களும் நாங்கள் சிலரும்தான். கேஸ் சிலிண்டர் போனது. ஒரு வீட்டில் சாமி விளக்கு போனது. காக் யாத்தி வீட்டில் ரைஸ் குக்கர் போனது, உள்ளே வெந்துகொண்டிருந்த சோற்றோடு.

காக் யாத்தி, அதாவது யாத்தி அக்கா, என் பக்கத்து வீட்டுக்காரி. பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குக்கர் போனதைப் பொறுத்துக்கொண்டாள். வெந்த சோற்றையும் கொண்டுபோனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"பரமேஸ், ராத்திரி ஆம்பளைங்க பாத்துக்கட்டும். பகல நாம பாத்துக்குவோம்" என்றாள். மலாயில்தான் சொன்னாள். அவள் பேச்சை நான் தமிழில் எழுதுகிறேன், கோபம் குறையாமல்.

நான் கையுறைத் தொழிற்சாலையை விட்டு வந்த கதையைப் போன வாரப் பத்தியில் சொன்னேன். முப்பது வருடம் கையுறையை விளக்குக்கு நேரே பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த கண் இது. வீட்டில் சும்மா உட்கார்ந்தபோது அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் இருந்தது. காக் யாத்தி கேட்ட அன்றே சரி என்றேன். முதல் வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். நாலு மஞ்சள் மேல்சட்டை, நாலு விசில். பகல் ரோந்து தொடங்கியது.

பின்னால் சரோஜா அக்காவும், எங்களுக்குச் சரோக்கா, சேர்ந்தாள். பதினேழாம் நம்பர் வீடு அவளுடையது. பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு. அன்றைக்கு என்னோடு ரோந்து வருவாள். அவள் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூர். ஒரே மகள் துர்கா, அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி.

மூன்று விதிகள்

முதல் வாரம் பாலாயிலிருந்து, அதாவது போலீஸ் நிலையத்திலிருந்து, ஓர் அதிகாரி வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார். பூப்பந்துத் திடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு பொண்டோக்கில், தகரக் கூரையின் கீழே உட்கார்ந்து கேட்டோம். காக் யாத்தி குவே பலகாரம் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

அவர் மூன்று விதி சொன்னார். தெரியாத ஆள் வந்தால், என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். வண்டி நம்பரை எழுதிவையுங்கள். மூன்றாவது விதியைச் சொல்லும்போது குவேயைக் கீழே வைத்தார்.

"திருடன் முதலில் கடப்பாரையோடு வரமாட்டான். கேள்வியோடு வருவான். அது யார் வீடு, எத்தனை பேர், எத்தனை மணிக்குப் போவார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்பான். பக்கத்து வீட்டைப் பற்றி யார் கேட்டாலும் உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரக்கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் என் காது சூடாகிவிட்டது. ஏன் என்பதை இங்கே எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். விசில் கதை அதற்குப் பிறகுதான்.

மீன் கடைப் பக்கத்தில்

ரோந்தெல்லாம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்னால். பீடோங் காலைச் சந்தையில் கெம்போங் மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஊதாச் சேலை கட்டிய ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். எந்த மீன் புதுசு என்று கேட்டார். செவுளைத் தூக்கிக் காட்டினேன். பேச்சு வளர்ந்தது.

"நீங்க அந்தத் தாமானாம்மா? அப்ப சரோஜா வீட்டத் தெரிஞ்சிருக்குமே?"

"நல்லாத் தெரியும். எங்க வரிசைக்கு எதிர்லதான்."

"அவங்க பொண்ணு எப்படி?"

"தங்கமான பொண்ணு" என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மீன்காரர் மீனை வெட்டிக்கொண்டிருந்தார், நேரம் இருந்தது, அந்த அம்மா நான் சொன்னதையெல்லாம் ஆர்வமாகக் கேட்டார். நம் பேச்சை ஒருவர் ஆர்வமாகக் கேட்டால் வாய்க்கு ஒரு ருசி வந்துவிடுகிறது.

"ஆனா கொஞ்சம் வாயி. அப்புறம் இந்த நர்சு வேல பாருங்க, எப்ப போறா எப்ப வர்றான்னு நமக்கு எங்க தெரியுது?"

அவ்வளவுதான் சொன்னேன். கெட்ட எண்ணம் இல்லை. எதையாவது சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சேர்த்தேன்.

இரண்டு வாரத்தில் சரோக்கா என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். நல்ல இடமாம். பேசி முடிக்கிற நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பெண் எப்போது போகிறாள் எப்போது வருகிறாள் என்றே தெரியவில்லையாம், அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம்.

"எவளோ ஒருத்தி வாய வச்சிட்டா பரமேசு. அவ வாயி வெந்துபோவ!"

என் கையில் கரண்டி இருந்தது. "ஆமாக்கா" என்றேன். அதோடும் விடவில்லை. "அவ வெளங்கவே மாட்டா" என்று நானும் சேர்ந்து திட்டினேன். என்னை நானே அவ்வளவு மனதாரத் திட்டியது அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகு துர்காவுக்கு வரன் ஏதும் அமையவில்லை. அவளுக்கு முப்பத்தொன்று ஆனது. என்னைத் தெருவில் பார்த்தால் "ஆண்டி, பிரஷர் மாத்திர சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். மாத்திரை சாப்பிட்ட வாய்தான். ஆனாலும் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கும்.

ஆறு கேள்விகள்

இப்போது ரம்புத்தான் மரத்தடிக்குத் திரும்புகிறேன்.

அந்த மனிதர் முதலில் மாட்டியது காக் யாத்தியிடம். அவள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். அவர் மோட்டாரை நிறுத்தி, பதினேழாம் நம்பரைக் காட்டி, அது யார் வீடு, பகலில் ஆள் இருப்பார்களா என்று மலாயில் கேட்டிருக்கிறார். காக் யாத்தி சிரித்துக்கொண்டே "இருங்க, தண்ணி கொண்டுவர்றேன்" என்று உள்ளே போய் எனக்குப் போன் போட்டாள்.

நாங்கள் ஓடியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பதினேழாம் நம்பர் வீடு அன்று காலியாக இல்லை. துர்கா இரவு டியூட்டி முடித்து வந்து தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அது எங்கள் நால்வருக்கும் தெரியும்.

"என்ன வேணும்ணே?" என்று விதிப்படி மரியாதையாகக் கேட்டேன், விசிலை எடுத்துவிட்டு.

"தண்ணி பில்டர் விக்கிறேம்மா."

"பில்டர் எங்க?"

அவர் தன் மோட்டாரைப் பார்த்தார். அதில் ஒரு துணிப்பையும் குடையும் இருந்தன. "பின்னால... வேன்ல வருது."

"எந்த கம்பெனி?"

"அது... வாடகைக்கு வீடு பாக்கவும்தான் வந்தேன்."

தொழிற்சாலையில் ஓட்டைக் கையுறை கையில் அகப்படும்போது எனக்கு உள்ளே ஒரு மணி அடிக்கும். அது இப்போது அடித்தது. அந்த நேரத்தில் அவர் வியர்வை துடைக்கச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தார். கூடவே ஒரு காகிதம் விழுந்தது. நாள்காட்டித் தாளின் பின்பக்கம், நீல மையில், முத்து முத்தான கையெழுத்து. எடுத்துச் சத்தமாகப் படித்தேன்.

"வீட்டில் எத்தனை பேர்? காலையில் யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள்? பகலில் வீட்டில் யார்? வீட்டுக்காரர் மாதத்தில் எத்தனை நாள் வெளியூர்? வண்டி எத்தனை?"

ஆறாவது கேள்வியில் என் குரல் தானாகவே உயர்ந்தது.

"நகை உண்டா? வீட்டிலா, பேங்கிலா?"

காக் யாத்திக்குத் தமிழில் சில சொற்கள்தான் தெரியும். நகை அதில் ஒன்று. துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள்.

"போலீஸக் கூப்பிடு" என்றாள்.

"முதல்ல நாமளே விசாரிப்போம்" என்றேன். அது என் தவறு. ஆனால் அன்றைக்கு எனக்குத் தலைக்குமேல் பெருமை.

பொண்டோக்கில் ஒன்றரை மணி நேரம்

அவரைப் பக்கத்திலிருந்த பொண்டோக்குக்கு அழைத்துப்போய் பெஞ்சில் உட்காரவைத்தோம். அடிக்கவில்லை, திட்டவில்லை. காக் யாத்தி தண்ணீர் கொடுத்தாள். பிறகு, பசிக்குமே என்று இரண்டு குவேயும் கொடுத்தாள். துடைப்பத்தை மட்டும் கீழே வைக்கவில்லை. நான் ஒரு படம் எடுத்து, ‘சந்தேக நபர், பொண்டோக்கில் பிடித்து வைத்துள்ளோம்’ என்று தாமான் வாட்ஸ்அப்பில் போட்டேன். வேலை நேரம், யாரும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பேர் அண்ணாமலை என்றார். பாடாங் மேஹா பக்கம் வீடு என்றார். அடையாள அட்டையும் அதையே சொன்னது. அதற்குமேல் எதைக் கேட்டாலும், "சொல்லக்கூடாதும்மா, எங்க அக்கா சத்தியம் வாங்கியிருக்கு" என்றார்.

"அக்காவா? கும்பலா வேற இருக்கீங்களா?" என்றேன்.

குவே சாப்பிட்டதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. கைதியாக உட்கார்ந்துகொண்டு என்னையே கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"அந்த வீட்ல ஒரு நர்சு புள்ள இருக்காமே?"

"தெரியாது."

"நல்ல புள்ளயா?"

"தெரியாது."

"பக்கத்துலயே இருக்கீங்க. பேரு கூடவா தெரியாது?"

"அந்த வீட்ல யாரு இருக்காங்கன்னே எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். பதினொரு வருடம் சாம்பார் கொடுத்து ரசம் வாங்கின வீடு அது.

முதல் வரிசைப் பெண்களிடம் கேட்டார். அவர்களும் கையை விரித்தார்கள். காக் யாத்தியிடம் மலாயில் கேட்டார். அவள், தான் இந்தத் தாமானுக்கே புதிது என்றாள். தாமானில் முதல் வீடு வாங்கியவள் அவள்தான்.

மணி பதினொன்றரை. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். இனி இழுக்க முடியாது என்று காக் யாத்தி பாலாய்க்குப் போன் செய்தாள். எதிர்ப்பக்கம் எடுத்துவிட்டார்கள். அவள் எழுந்து நின்று, பாலர் பள்ளிக் குரலில் முகவரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது பதினேழாம் நம்பர் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

பெசான்

துர்கா வீட்டில் போடும் கஃப்தானோடு ஓடிவந்தாள். தலையில் துண்டு, ஒரு காதில் இன்னும் பஞ்சு. கையில் போன். தண்ணீர் குடிக்க எழுந்தவள் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ மாமா!"

மாமா என்று கேட்டதும் நாங்கள் மட்டுமல்ல, மாமாவும் திகைத்துப்போனார்.

"ஏம்மா, ஒனக்கு என்னைய எப்படித் தெரியும்?" என்றார். "நாங்க இன்னும் பொண்ணு பாக்கவே வரலையே?"

துர்கா உதட்டைக் கடித்தாள். "போட்டோல... பாத்தேன்."

"எந்தப் போட்டோல?"

துர்கா தரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் பாதி புரிந்தது; மீதியைத் துர்கா பின்னால் சொன்னாள். மாமாவின் அக்கா மகன் தினேஷ் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறான். இரண்டு வருடப் பழக்கம். பெரியவர்கள் மனம் நோகக்கூடாது என்று, தரகர் மூலம் வந்த வரன் மாதிரி இருவருமே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மாமா பெண் வீட்டைப் பற்றி ரகசியமாக விசாரிக்க வந்தவர். நாள்காட்டித் தாள் மாப்பிள்ளையின் அம்மா எழுதியது. (இதையெல்லாம் இப்போது எழுதலாம் என்று துர்காவே சொல்லிவிட்டாள். முதல் பிள்ளை பிறந்தபிறகு யார் என்ன செய்ய முடியும் என்கிறாள்.)

காக் யாத்தி போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். நான் மலாயில் இரண்டு வார்த்தை சொன்னேன். அவள் முகம் மாறியது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு போனில் சொன்னாள்:

"புக்கான் பெஞ்சுரி, துவான். பெசான்."

திருடன் இல்லை ஐயா, சம்பந்தி.

எதிர்ப்பக்கம் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வரனைப் பேசிக் கெடுத்தேன். இன்னொரு வரனை விசில் அடித்துக் கெடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே பெண்ணுக்கு. சாவியை அவர் கையில் வைத்தேன்.

"அண்ணே, என் மேல எவ்வளவு கோவம் வேணும்னாலும் படுங்க. அந்தப் புள்ளைய விட்டுடாதீங்க" என்றேன். துர்கா என்னை வியப்பாகப் பார்த்தாள்.

அண்ணாமலை பதில் சொல்வதற்குள் அவர் போன் அடித்தது. அக்கா. அண்ணாமலைக்குக் காது கொஞ்சம் மந்தம்; ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்னடா, காலையில போனவன்! விசாரிச்சியா? என்ன சொன்னாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். துர்காவைப் பார்த்தார். துடைப்பத்தைப் பார்த்தார்.

"எங்க சொன்னாங்கக்கா! ஒன்றர மணி நேரமா கேக்குறேன். பொண்ணு பேரு கூட ஒருத்தரும் சொல்லல. அந்த வீட்ல ஆளே இல்லன்னு சொல்றாங்க."

"அப்படின்னா?"

"நானும் எத்தன வீட்டுக்கு விசாரிக்கப் போயிருக்கேன். ஒரு தேத்தண்ணி குடிக்கிறதுக்குள்ள குடும்பக் கதய மொத்தமா கொட்டிடுவாங்க. இங்க என்னையத் தண்ணி குடுத்து, பலகாரம் குடுத்து, சாவியப் புடுங்கி உக்கார வச்சிட்டாங்க. பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு இப்படி நிக்கிறாங்கன்னா, அந்த வீடு எப்படிப்பட்ட வீடா இருக்கணும்? பேசி முடிச்சிடுக்கா."

போனை வைத்துவிட்டுத் துர்காவிடம் மெதுவாகச் சொன்னார். "அந்தப் போட்டோ சமாச்சாரம், எனக்குக் காது கேக்கல."

புறப்படும்போது காக் யாத்தி மிச்சக் குவேயைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். பாடாங் மேஹா வரைக்கும் போக வேண்டுமே.

செவ்வாய்க்கிழமைகள்

அன்று சாயங்காலம் சரோக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஒன்னாலதான்டி பரமேசு, ஒன் வாயாலதான்!" என்று அழுதாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரோந்தில் அவளிடம் சொல்லிவிட்டேன். இரண்டாவது வரிசை முடிவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். மீன் கடை, ஊதாச் சேலை, நான் சொன்ன வார்த்தைகள், அவள் அழுதபோது நானும் சேர்ந்து திட்டியது எல்லாவற்றையும்.

சரோக்கா நின்றாள். பிறகு நடந்தாள். ரோந்தைப் பாதியில் விடவில்லை. ஐந்து வரிசையும் சுற்றி முடித்தாள். ஆனால் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள். மஞ்சள் மேல்சட்டை போட்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடப்போம். பேச்சு, ரோந்துப் பேச்சு மட்டும்.

"ஒம்பதாம் நம்பர் கேட்டு பூட்டல."

"பாத்தேங்க்கா."

"அந்த வேன் யாருது?"

"தபால் பார்சலுக்கா."

அவ்வளவுதான். சாம்பார் வரவில்லை, ரசம் போகவில்லை. என் வீட்டுக்காரர், ரோந்து இவ்வளவு ஒழுங்காக நடப்பதைப் பார்த்து ஆண்களுக்கு எங்களை உதாரணம் காட்டினார்.

கல்யாணத் தேதி நெருங்கியது. பத்திரிகை எல்லா வீட்டுக்கும் வந்தது. எங்கள் வீட்டுக்கும், என் வீட்டுக்காரர் பேரில். நான் பச்சையில் மெரூன் கரை போட்ட சேலை ஒன்று வாங்கி வைத்துவிட்டேன். போவேனா என்று தெரியாமலே.

கல்யாணத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, அதே தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் சரோக்கா நின்றாள்.

"ஞாயித்துக்கெழம ஊரே மண்டபத்துக்குப் போயிடும். பட்டப்பகல். கல்யாண வீடுன்னு எல்லாத்துக்கும் தெரியும். சீர் சாமான் பாதி வீட்லதான் கெடக்கு."

"ஆமாக்கா."

"நீ மண்டபத்துக்கு வராத. என் வீட்டப் பாத்துக்க."

என் உள்ளங்கையில் வீட்டுச் சாவியை வைத்தாள். தண்டனையா, நம்பிக்கையா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

கல்யாண நாள்

பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டேன். அதன் மேல் மஞ்சள் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது கட்சி ஊர்வலத்துக்குப் புறப்பட்டவள் மாதிரி இருந்தது.

காலை ஏழு மணிக்குத் தாமான் காலியானது. பதினேழாம் நம்பர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாழை மரம் கட்டிய கேட்டின் மேல் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. மணிக்கு ஒரு தடவை பின்கதவைப் பார்த்தேன். ஐஸ்கிரீம்காரர் ஒருவர் மணி அடித்துக்கொண்டு வந்தார். வண்டி நம்பரை எழுதிவைத்தேன்.

காக் யாத்தி மண்டபத்திலிருந்து படம் அனுப்பிக்கொண்டே இருந்தாள். தாலி கட்டியதும் அனுப்பினாள். துர்காவின் கண் மூடியிருந்தது, மாப்பிள்ளையின் காது மட்டும் தெரிந்தது, முக்கால்வாசி நாதஸ்வரக்காரர் முதுகு. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து அழுதேன். அப்புறம் ஒரு குரல் பதிவு வந்தது. அண்ணாமலையின் குரல். "விசில் தங்கச்சி எங்க? ஏன் வரல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு லோரி ஒன்று வந்து நின்றது. சரோக்கா முன்சீட்டிலிருந்து இறங்கினாள். பட்டுச் சேலை கசங்கியிருந்தது, கொண்டைப் பூ காதுக்கு வந்திருந்தது. கையில் அடுக்கு டிபன் கேரியர்.

"யாரும் வந்தாங்களா?"

"ஐஸ்கிரீம்காரரு மட்டும். நம்பர் எழுதி வச்சிருக்கேன்."

சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. உள்ளே போய்க் கூடத்தில், சீர் சாமான்களுக்கு நடுவே இடம் ஒதுக்கி, இரண்டு இலை போட்டாள்.

"நீங்க மண்டபத்துல சாப்பிடலையாக்கா?"

"ஒக்காரு."

உட்கார்ந்தேன். அவளே பரிமாறினாள். சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம் நமுத்துப் போயிருந்தது. இருவரும் சாப்பிட்டோம். கடைசியில் பாயசத்தை ஊற்றினாள். ஒரு வாய் வைத்தேன்.

"எப்படி இருக்கு?" என்றாள் சரோக்கா.

"நல்லா இருக்குக்கா."

"அடிப்பிடிச்சிருக்கு."

"அப்படியாக்கா? எனக்குத் தெரியலையே."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தபடி இன்னொரு வாய் அள்ளிக் குடித்தேன். தீய்ந்த வாசம் மூக்கு வரைக்கும் ஏறியது.

"சமையக்காரன் யாருன்னு கூட கேக்கமாட்டியா?"

"நமக்கு எதுக்குக்கா?"

முதலில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். அப்புறம் வாயில் இருந்த பாயசம் பட்டுச் சேலையில் தெறிக்க, சரோக்கா சத்தம் போட்டுச் சிரித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டாடி?" என்று கேட்டாள்.

இலையை அவள் பக்கமாக நகர்த்தினேன்.